ஆடிப்பட்டம் எங்கள் மலைக்கு ஒத்துவராது

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்று சங்கரன்கோவில் சொந்தக்காரர்கள் வருஷம் தவறாமல் போனில் ஞாபகப்படுத்துவார்கள். கீழே அடிமாலி, தொடுபுழை பக்கத்து மலையாளி நண்பர்களைக் கேட்டால் ஜூன் கடைசியில் வரும் திருவாதிரை ஞாற்றுவேலையில், அதாவது சூரியன் திருவாதிரை நட்சத்திரத்தில் இருக்கும் இரண்டு வாரத்தில், எந்தக் கம்பை ஒடித்து நட்டாலும் வேர்விடும் என்பார்கள். இரண்டும் அவரவர் ஊருக்குச் சரி. மூணாறுக்கு மேலே, 1,600 மீட்டரைத் தாண்டிய எஸ்டேட் லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கும் எங்களுக்கு இரண்டும் உதவாது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டுகிற மழையில் பீன்ஸ் விதை முளைப்பதற்கு முன்பே மண்ணுக்குள் அழுகிவிடும். சரி, மழை விட்டதும் போடலாம் என்றால் டிசம்பர் பாதியில் உறைபனி வந்து நிற்கிறது.

ஆக எங்களுக்குக் கிடைப்பது இரண்டு சின்ன இடைவெளிகள்தான். செப்டம்பர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதி வரை ஒன்று, பனி விட்டபின் மாசி முதல் வைகாசி வரை இன்னொன்று. வட்டவடைக்காரர்களைப் பார்த்து நாமும் வைகாசியில் கேரட் போட்டு ஓணத்துக்கு எடுக்கலாம் என்று சிலர் கிளம்புவார்கள். இங்கிருந்து வட்டவடை 45 கிலோமீட்டர்தான், ஆனால் அது மலையின் மழைமறைவுப் பக்கம், தென்மேற்கு மழை அங்கே பாதிகூடப் போய்ச் சேராது. அவர்களுடைய காலண்டரை நாம் அப்படியே கடன் வாங்க முடியாது.

விதை பாக்கெட்டில் போட்டிருக்கும் நாள் கணக்கையும் நம்பாதீர்கள், அது சமவெளிக் கணக்கு. குத்துப் பீன்ஸ் 50 நாள் என்று இருந்தால் இந்தக் குளிருக்கு 65, 70 என்று வைத்துக்கொள்ள வேண்டும். நான் பனியிலிருந்து பின்னோக்கி எண்ணுவேன். டிசம்பர் முதல் வாரத்துக்குள் காய் பறித்து முடியணும் என்றால் செப்டம்பர் கடைசியில் விதை மண்ணில் இருக்க வேண்டும், அக்டோபர் பாதி தாண்டினால் பீன்ஸை மறந்துவிட்டு முள்ளங்கிக்குப் போய்விடுவேன். கேரட், முட்டைக்கோஸ், பூண்டுக்கு அந்தப் பயம் இல்லை. லேசான பனியைத் தாங்கும், தாங்குவது மட்டுமில்லை, குளிர் பட்டால் கேரட் தன்னிடமுள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும், அதனால் ஜனவரியில் பிடுங்கும் கேரட்டின் ருசியே வேறு. தக்காளி மட்டும் திறந்தவெளியில் வேண்டாம். ராத்திரிக் குளிர் 10 டிகிரிக்குக் கீழே போனால் பூ பூக்கும், பிஞ்சு பிடிக்காமல் கொட்டிவிடும். கிருஷி பவன் என்கிற கேரள வேளாண் அலுவலகத்துக்காரர்கள் மழமற என்று சொல்கிற பாலிதீன் கூரைக்கு அடியில் வைத்தால் ஓரளவு காய்க்கும். இல்லையென்றால் மரத்தக்காளி ஒன்று நட்டு விடுங்கள், ரசத்துக்கு ஆச்சு.

இனி பனி. மேகம் மூடிய ராத்திரியில் பயமே இல்லை. வானம் பளிச்சென்று இருந்து, நட்சத்திரம் தெரிந்து, காற்றும் அசையாமல் நின்றால் அன்றைக்குத்தான் ஆபத்து. மண்ணும் இலையும் பகலில் வாங்கிய சூடு தடையில்லாமல் மேலே போய்விடும். ஆள் உயரத்தில் தொங்கவிட்ட தெர்மாமீட்டர் 2 டிகிரி காட்டும், தரையில் புல் வெள்ளையாகக் கிடக்கும். இலை காற்றைவிடக் குளிர்ந்துவிடுவதுதான் காரணம். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் மாதிரியே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால்தான் ஓடைக்கரைத் தோட்டம் கருகிக் கிடக்க, அதே லயத்தில் இருபது அடி மேலே உள்ள பாத்தி பச்சையாக நிற்கிறது. ஓடைக்கரையில் மண் நன்றாக இருக்கிறதே என்று ஆசைப்பட்டு மார்கழியில் அங்கே உருளைக்கிழங்கு வைக்காதீர்கள்.

மூடுவதிலும் ஒரு பக்குவம் இருக்கிறது. நாலு குச்சி நட்டு அதன்மேல் சணல் சாக்கு போடவேண்டும், சாக்கு இலையைத் தொடக்கூடாது. பிளாஸ்டிக் தாளை இலைமேல் நேராகப் போட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும். வெயில் இருக்கும்போதே, சாயங்காலம் நாலு மணிக்குள் மூடிவிட்டால் மண்ணின் சூடு உள்ளேயே நிற்கும். ஏழு மணிக்கு மூடிப் பெரிய பயன் இல்லை. அன்று மதியமே பாத்திக்குத் தண்ணீர் விட்டு வையுங்கள், காய்ந்த மண்ணைவிட ஈரமண் சூட்டைப் பிடித்து வைக்கும். காலையில் விறைத்துப்போன இலைமேல் சட்டென்று வெயில் அடித்தால் சேதம் அதிகம், ஆகவே நல்ல செடிகளைக் கிழக்கு வெயில் முதலில் விழாத இடத்தில், சுவரோரமாக வைப்பேன்.

பூச்செடிக்கு வருவோம். எங்கள் பக்கம் எந்த லயத்து வாசலிலும் ஹைட்ரேஞ்சியா நீலமாகத்தான் பூக்கும். தேயிலைக்கு ஏற்ற புளிப்பு மண், அமிலகார அளவு (pH) 4.5 முதல் 5.5 வரை, அந்தப் புளிப்பில் மண்ணிலுள்ள அலுமினியம் செடிக்குள் ஏறிப் பூ நீலமாகிறது. பக்கத்தில் முட்டைக்கோஸ் பாத்திக்குச் சுண்ணாம்பு போட்டீர்கள் என்றால் அந்த ஓரத்துப் பூ ரோஸாக மாறும். எங்கள் வீட்டில் இதற்கு ஒரு சண்டையே உண்டு. சுண்ணாம்பு போடாவிட்டால் கோஸ் வேர் குண்டு குண்டாக வீங்கும், பீட்ரூட் கோலிக்குண்டு அளவில் நின்றுவிடும். போட்டால் பூவின் நீலம் போச்சு. இப்போதைக்கு நடுவில் ஒரு வாய்க்கால் வெட்டிச் சமாதானம்.

டேலியாவுக்கு முதல் பனியிலேயே மேல்பாகம் கறுத்துவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் செத்துவிட்டது என்று பிடுங்கி எறிவதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கிழங்கு உள்ளே உயிரோடுதான் இருக்கும். தண்டை ஒரு சாண் விட்டு வெட்டி, கிழங்கைப் பக்கவாட்டில் முள்கரண்டியால் நெம்பி எடுங்கள், மண்ணை உதறினால் போதும், கழுவ வேண்டாம். பிரிக்கும்போது கவனம்: கண் கிழங்கில் இருக்காது, தண்டோடு ஒட்டும் கழுத்தில்தான் இருக்கும். கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு கொழுத்திருந்தாலும் முளைக்காது. சாம்பலில் புரட்டி, மரத்தூள் போட்ட பெட்டியில் அடுக்கி, அடுப்படிப் பரணில் வைத்துவிடுவேன்.

சிவப்பும் மஞ்சளும் இந்த வருஷம் நிறையச் சேர்ந்திருக்கிறது. மூணாறு பக்கத்தில் இருப்பவர்கள் கிழங்கு வேண்டுமென்றால் தை முடிவதற்குள் சொல்லுங்கள், மாசி பிறந்ததும் எல்லாவற்றையும் நட்டுவிடுவேன்.