சிவில் வழக்கில் இலவச வக்கீல்: சேலத்தில் கேட்டு வாங்குவது எப்படி

கிரிமினல் வழக்கில் வக்கீல் வைக்க வழியில்லாதவருக்குக் கோர்ட்டே ஒருவரை நியமிக்கும். சிவிலில் பெரும்பாலும் நாம்தான் கேட்க வேண்டும். வீட்டைக் காலி செய்யச் சொல்லியோ பாகப்பிரிவினை கேட்டோ சம்மன் வந்தால் எதிருரைக்கு (நம் பதிலை எழுத்தில் தாக்கல் செய்ய) 30 நாள். கோர்ட் அனுமதித்தால் 90 வரை. வாய்தாவைத் தவறவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது நாம் இல்லாமலே ஒருதலையாகத் தீர்ப்பு. அதை ரத்து செய்ய மனுப் போடவும் 30 நாள்தான். ஆகவே சம்மன் வந்த வாரமே அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேட்டு மனுக் கொடுத்துவிடுங்கள். 15100 என்ற உதவி எண்ணிலும் கேட்கலாம். சம்மன், பிராது (வழக்குப் போட்டவரின் மனு) நகல், ஆதார், கையில் உள்ள பத்திரங்கள் கூடவே இருக்கட்டும். வழக்கு எண்ணையும் அடுத்த வாய்தா தேதியையும் மனுவின் தலைப்பிலேயே எழுதுங்கள்; அவசரம் அப்போதுதான் தெரியும்.

1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் நாம் எந்த வகை என்பதுதான் முக்கியம். பெண்கள், குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பே இல்லை. அந்தப் பிரிவு சொல்லும் எந்தத் தனி வகையிலும் வராதவர்களுக்கு உண்டு. ஏற்காட்டு மலையாளிப் பழங்குடி மக்கள் எஸ்.டி. பட்டியலில் இருக்கிறார்கள். ஆனால் கோட்டாட்சியர் தரும் சாதிச் சான்று கையில் இல்லாமல் பலர் காத்திருக்கிறார்கள். மனுதாரர் பெண் என்றால் அந்தச் சான்றுக்குக் காத்திருக்கவே தேவையில்லை, பெண் என்ற வகையிலேயே கேட்கலாம். எளிதில் நிரூபிக்க முடிகிற வகையைச் சொல்லுங்கள். வருமானத்துக்குப் பிரமாணப் பத்திரமே போதுமென ஏற்க 13-ஆவது பிரிவு இடம் தருகிறது. ஆனால் வழக்கில் மேலோட்டமாகவாவது நியாயம் தெரிய வேண்டும். அதனால் நடந்ததைத் தேதிவாரியாக ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள்.

நியமன உத்தரவு வந்ததும் வக்கீலைப் பார்த்து வக்காலத்தில் (உங்களுக்காக ஆஜராக அவருக்கு அதிகாரம் தரும் படிவம்) கையெழுத்துப் போடுங்கள். உத்தரவு வந்ததோடு வேலை முடிந்தது என்று பலர் வீட்டிலிருந்துவிடுகிறார்கள். வக்காலத்து தாக்கலாகாமல் எக்ஸ்பார்ட்டி ஆவது இப்படித்தான். நியமிக்கப்பட்ட வக்கீல் உங்களிடம் ஃபீஸ் வாங்கக் கூடாது. கேட்டால் ஆணைக்குழுவில் எழுத்தில் சொல்லி வேறு வக்கீல் கேளுங்கள்.

நீங்களே வழக்குப் போடுவதென்றால் கோர்ட் ஃபீஸ் தனிச் சிக்கல். தமிழ்நாட்டில் 2017-இல் 7.5 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைத்தார்கள். அப்படியும் 10 லட்ச ரூபாய்க்கு 30,000 ஆகிறது. கட்ட முடியாதவர்கள் சிவில் நடைமுறைச் சட்டம் உத்தரவு 33-இன்படி பாப்பர் ஓ.பி. (வசதியில்லாதவராக, கோர்ட் ஃபீஸ் கட்டாமல் வழக்கு நடத்த அனுமதி கேட்கும் மனு) போடலாம். சொத்துப் பட்டியலில் எதையும் மறைக்காதீர்கள்; அரசு வக்கீலுக்கும் நோட்டீஸ் போகும், விசாரணையில் தெரிந்துவிடும். மனுவுக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் மோசடியாகச் சொத்தைக் கைமாற்றியிருந்தாலும் தள்ளுபடிதான். அனுமதி கிடைத்தவருக்கு வக்கீல் இல்லையென்றால் வழக்கின் சூழ்நிலை கோரினால் 9ஏ விதிப்படி கோர்ட்டே நியமிக்கலாம்.

சிவிலில் கோர்ட் தானே முன்வரக்கூடிய இடம் இது. எதிர்த்தரப்பில் வக்கீல் நிற்க, குடியிருக்கும் வீட்டையோ சாகுபடி நிலத்தையோ இழக்கப்போகிறவர் தனியாக நிற்கும்போது வக்கீல் நியமிப்பது கோர்ட்டின் கடமையாகவே இருக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து. இன்றைக்கு அவர் செய்யக்கூடியது, முதல் வாய்தாவிலேயே “வக்கீல் வைக்க வசதியில்லை, சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்கு அனுப்புங்கள்” என்று நீதிபதியிடம் எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் முத்திரை வாங்கிக்கொள்வது.