செத்தால் கைமாற்ற வேண்டும்

மார்ச் 2, திங்கள்

தூக்கம் வரவில்லை. பழைய பிஎஸ்3 கேம் கன்சோலைத் தூசு தட்டி டிவியில் மாட்டினேன். காட் ஆஃப் வார், முதல் பாகத்திலிருந்து. முதல் காட்சியிலேயே நாயகன் க்ராடோஸ் மலையுச்சியிலிருந்து குதிக்கிறான். இதை மறந்தே போயிருந்தேன். நினைவில் இருந்தது ஹைட்ரா என்ற பல தலைப் பாம்பு மட்டும்தான்.

மார்ச் 3

ஃபோன் வரவில்லை.

மார்ச் 4, புதன்

ஹைட்ரா காலி. 2005-இல் பிஎஸ்2-க்கு வந்த கேம், அந்தக் கப்பல் சண்டை இன்னும் சளைக்கவில்லை. விரல்களுக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. சதுர பட்டன், சதுரம், முக்கோணம். மூளைக்கு வேலையே இல்லை. இப்போது எனக்கு வேண்டியதும் அதுதான்.

அன்றைக்கு எங்களிடம் ஒரே கண்ட்ரோலர். செத்தால் கைமாற்ற வேண்டும். அண்ணன் லேசில் சாகமாட்டான். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவன் சாகவேண்டும் சாகவேண்டும் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டிருப்பேன்.

மேலே உள்ள வரியை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.

மார்ச் 7, சனி

பண்டோராவின் கோயில். குரோனோஸ் என்ற டைட்டன், மலை போன்ற பூதம், அதை முதுகில் சுமந்துகொண்டு பாலைவனத்தில் தவழ்ந்து கொண்டே இருக்கிறான். அதற்குள் ஒரு கூண்டு. கூண்டுக்குள் ஒரு சிப்பாய். அவனைச் சரிவில் மேலே தள்ளிக்கொண்டு போய் உயிரோடு எரித்தால்தான் வழி திறக்கும். வழி நெடுக அவன் கெஞ்சிக்கொண்டே வருவான்.

இந்த இடத்தில் மட்டும் அண்ணன் கண்ட்ரோலரை என் மடியில் போட்டான். "நீ பண்ணுடா." சாகாமலே கைமாற்றியது அந்த ஒரு தடவைதான். எனக்கு ஒரே குஷி. யோசிக்கவே இல்லை.

இன்றைக்குக் கூண்டைப் பாதி வழியில் விட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனேன். திரும்பி வந்தபோதும் அவன் கத்திக்கொண்டுதான் இருந்தான். முடித்தேன். அந்தக் கதவுக்கு வேறு சாவி இல்லை.

மார்ச் 8

ஆஸ்பத்திரியில் பத்து நிமிடம்தான் உள்ளே விட்டார்கள். அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தான். கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

ஹேடஸ், அதாவது பாதாளம். கத்தி முளைத்த தூண்கள் சுழலும், அதில் தொற்றி ஏறவேண்டும். ஒரு கத்தி பட்டால் கீழே. பதினேழு தடவை விழுந்தேன், எண்ணினேன். போர்க்கடவுள் ஏரிஸைக் கொல்வதைவிட இது கஷ்டம். இதை வடிவமைத்தவருக்கு மனிதர்கள் மேல் என்ன கோபமோ.

நாலைந்து தடவை செத்ததும், எளிதான நிலைக்கு மாற விருப்பமா என்று கேம் கேட்கிறது. அது சண்டையைத்தான் எளிதாக்கும். தூணுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. ஆனாலும் கேட்கும், ரொம்ப அக்கறையாக. டாக்டரும் இன்று அப்படித்தான் பேசினார்.

தூண்களை எப்போதும் அண்ணன்தான் ஏறுவான். நான் ஏறியதே இல்லை என்பது இன்றைக்குத்தான் உறைத்தது.

மார்ச் 11

ஏறிவிட்டேன். விடிகாலை மூன்றரை. பாதாளத்திலிருந்து கயிற்றைப் பிடித்து மேலே வந்தால், வெளியே வருவது ஒரு குழிக்குள்ளிருந்து. வெட்டியான் ஒருவன் முன்கூட்டியே வெட்டி வைத்திருக்கிறான். செத்தவன் தன் புதைகுழி வழியாகவே ஏறி வருகிறான்! சின்ன வயதில் இதைக் கவனித்ததே இல்லை. சொன்னால் சிரிப்பான்.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டாம் பாகம் முடிந்தது. எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 17, செவ்வாய்

மூன்றாம் பாகம், 2010. கடல் கடவுள் பொசைடன் சாகும்போது காட்சி அவன் கண் வழியாகத் தெரியும். அடிப்பவனும் நான், அடிவாங்குபவனும் நான். கடைசியில் இரண்டு ஸ்டிக்கையும் அழுத்தவேண்டும், கட்டைவிரல்கள் அவன் கண்ணுக்குள் இறங்கும். அன்று "செம!" என்று கத்தினோம்.

சூரியக் கடவுள் ஹீலியோஸின் தலையை க்ராடோஸ் கையாலேயே பிய்த்து விளக்காகப் பிடித்துக்கொண்டு நடக்கிறான். 2018-இல் வந்த கேமிலும் இடுப்பில் ஒரு தலை தொங்கும், மிமிர் என்ற ஞானியுடையது. ஆனால் அது, மிமிரே வெட்டச் சொல்லிக் கேட்டு வெட்டியது. வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டு வரும். ஒரே ஆள், இரண்டு தலை. அண்ணன் அந்தக் கேமை ஆடவில்லை. அதற்குள் வேலை, வீடு மாற்றம், என்னென்னவோ.

நான் அதை இப்போது தொடப்போவதில்லை. மரம் வெட்டுவதில் தொடங்கும். எதற்கு விறகு என்பது எனக்குத் தெரியும்.

மார்ச் 18

ஃபோன் இல்லை. நானே கூப்பிட்டேன். "அப்படியேதான் இருக்கிறார்."

மார்ச் 19, வியாழன்

கடவுள்களின் அரசன் ஜீயஸ். கடைசியில் வட்டம் பட்டன். அழுத்த அழுத்தக் குத்து விழும். திரை முழுக்க ரத்தம் மூடி, பிறகு வெறும் சிவப்பு. நாமாக நிறுத்தும் வரை நிற்காது. அன்றைக்கு யார் அதிக நேரம் அழுத்துவது என்று பந்தயம் கட்டினோம். அவன் கை வலிக்கிறது என்றான், நான் விடவில்லை.

இன்று எவ்வளவு நேரம் அழுத்தினேன் என்று தெரியவில்லை. திரையில் எதுவுமே தெரியாமல் போனபிறகும் அழுத்தினேன்.

மார்ச் 20, வெள்ளி

அவனே பேசினான். குரல் கரகரத்தது, பாதி புரியவில்லை. நாளை வார்டுக்கு மாற்றுகிறார்களாம். என்ன பண்ணுகிறாய் என்றான். சொன்னேன்.

"ஜீயஸை முடிச்சிட்டியா?"

இல்லை என்று சொல்லிவிட்டேன்.