சேலையூர் வீட்டுக்கு எவ்வளவு கேட்பது?

ஜூலை 19, 2025
வீடு பிடித்துவிட்டது. அரை கிரவுண்டு (1,200 சதுர அடி) மனை, 900 அடி கட்டடம், வயது இருபதுக்கு மேல். ஓனர் சொல்வது 1 கோடியே 5 லட்சம். "ஆடி மாசம் சார், வேற பார்ட்டி வராது, இறங்குவார்" என்கிறார் புரோக்கர். ஓனரிடம் இதையே எப்படிச் சொல்லி வைத்திருக்கிறாரோ.

ஜூலை 22
பக்கத்துத் தெருவில் மனை அடி 6,500 போகிறதாம். 1,200 அடிக்கு 78 லட்சம். கட்டடத்தை இன்று கட்டினால் அடிக்கு 2,200. தேய்மானத்துக்குப் பாதி கழித்தால் 10 லட்சம். ஆக 88. மிச்சம் 17 லட்சம் தேக்குக் கதவுக்கும் மாமரத்துக்கும் போலிருக்கிறது.

ஜூலை 25
88 லட்சம் என்பது வீட்டின் கணக்கு. என் கணக்கு வேறு. கடன் 30 லட்சத்தைத் தாண்டி 75 லட்சத்துக்குள் என்றால், வங்கி விலையில் 80 சதவீதம் வரைதான் தரும். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2. இந்த 9 சதவீதம் கடனில் சேராது. அதாவது விலை ஒரு லட்சம் ஏறினால் என் கையிலிருந்து 29,000 போகும். சேமிப்பு 25 லட்சம். வகுத்தால் 86. புரோக்கர் கமிஷனை இன்னும் சேர்க்கவில்லை. இவள் வளையலைக் கழற்றுகிறேன் என்கிறாள், அதையும் சேர்க்கவில்லை.

ஜூலை 27
80 என்று ஆரம்பித்தேன். ஓனர் கோபப்படவில்லை, காபி வந்தது. பிறகு 92 என்றார். "பத்திரத்துல 60 போட்டுக்கலாம் தம்பி, மீதி கையில குடுங்க. உங்களுக்கும் பத்திரச் செலவு மிச்சம்."

மிச்சம்தான். ஆனால் பத்திரம் 60 என்றால் கடன் 48 லட்சமாகச் சுருங்கும். 32 லட்சம் ரொக்கத்துக்கு எங்கே போவேன்? வீடு, மனை விற்பனையில் 20,000 ரூபாய் ரொக்கமாக வாங்குவதே சட்டப்படி தப்பு. முழுக்க வெள்ளையில் தருகிறேன், அதற்கேற்ற விலை சொல்லுங்கள் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3
ஆடிப்பெருக்கு. 92-இலிருந்து இறங்கி 88-இல் பிடிவாதமாக நின்றவர் நல்ல நாள் போய்விடும் என்று 85-க்கு வந்தார். டோக்கன் 1 லட்சம், செக்காக. வங்கி மதிப்பீட்டாளர் குறைத்துப் போட்டால் வித்தியாசம் முழுக்க என் தலையில் விழும். அதனால் கடன் குறைந்தால் முன்பணம் திரும்ப வேண்டும் என்று அக்ரிமெண்டில் எழுதச் சொல்லியிருக்கிறேன். அதற்கெல்லாம் தலையாட்டினார்.

டிடிஎஸ் (வருமான வரிப் பிடித்தம்) 85,000 பிடிப்பேன் என்றதும்தான் முகம் மாறியது. 50 லட்சமும் அதற்கு மேலும் போனால் வாங்குகிறவர் 1 சதவீதம் பிடித்து உங்கள் பான் எண்ணில் கட்ட வேண்டும், ரிட்டர்னில் கணக்குக் காட்டிக்கொள்ளலாம் என்று எவ்வளவோ சொன்னேன். "அப்ப 84 லட்சத்து 15 ஆயிரம்தானே தர்றீங்க?" என்கிறார். ஆடிட்டரைக் கேட்டுவிட்டு நாளைக்குச் சொல்வாராம்.