ஆன்லைன் கவுன்சலிங்: ஒரு மாத வேலைக்குறிப்பு

செப்டம்பர் 3, 2025

"நேர்ல பாக்குற மாதிரி வருமாங்க?" ஆன்லைன் கவுன்சலிங் என்றதும் முதலில் வரும் கேள்வி இதுதான். என்ன பிரச்சினைக்கு, யார் வீட்டில், எந்த அறையில் என்று திருப்பிக் கேட்காமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது.

பதற்றம், பீதித் தாக்குதல், மிதமான மனச்சோர்வு ஆகியவற்றுக்கு இணையவழியில் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) கொடுப்பதை ஸ்வீடன், நெதர்லாந்து போன்ற நாடுகளில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சோதித்து வருகிறார்கள். சிகிச்சையாளர் கூடவே இருந்து, வாரா வாரம் வீட்டுப்பாடத்தைப் பார்த்துப் பதில் சொன்னால், நேரில் கிடைக்கும் பலனுக்குக் கிட்டத்தட்டச் சமமாக வருகிறது. ஆளே இல்லாமல் செயலியை மட்டும் கையில் கொடுத்தால் பாதியில் விட்டுவிடுகிறவர்கள் அதிகம். விளம்பரங்கள் முதல் பாதியைச் சொல்லும், இரண்டாம் பாதியை விழுங்கிவிடும்.

கொரோனாவோடு வந்த சங்கதி என்று நினைப்பவர்களுக்கு: 1959-லேயே அமெரிக்காவின் நெப்ராஸ்கா மனநல நிறுவனத்தில் இருவழித் தொலைக்காட்சி வைத்துக் குழு சிகிச்சை நடத்தினார்கள். 1964-ல் 112 மைல் தள்ளியிருந்த நார்ஃபோக் மருத்துவமனையையும் அதோடு இணைத்தார்கள்.

செப்டம்பர் 5

நம் ஊரில் ஆன்லைன் செஷன் கெடுவது நெட்டால் என்பார்கள். பெரும்பாலும் கதவால்தான் கெடுகிறது. இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் இருந்தால், மாமியாரைப் பற்றி மாமியாருக்குக் கேட்காமல் பேசுவது எப்படி?

இயர்போன் போட்டால் போதும் என்று நினைப்பார்கள். அது சிகிச்சையாளரின் குரலை மட்டும்தான் மறைக்கும். வெளியே கேட்கக் கூடாதது பேசுகிறவரின் குரல். ஒயர் வைத்த ஹெட்செட்டின் மைக்கை வாயருகே பிடித்தால் கிசுகிசுத்தாலும் எதிர்முனையில் தெளிவாக விழும். கதவுக்கு வெளியே டிவியோ ரேடியோவோ ஓடட்டும். அறைக்குள் ஓடினால் மைக்கும் அதைத்தான் எடுக்கும். நிறுத்திய கார் நல்ல இடம், வெயில் தாழ்ந்து மாலை ஆறு மணிக்கு மேல் என்றால். ஓட்டிக்கொண்டே பேச வந்தால் செஷனை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். மொட்டை மாடியில் பக்கத்து மாடியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

யாராவது உள்ளே வந்தால் என்ன சொல்வது என்று முதல் செஷனிலேயே பேசி வைத்துக்கொள்வது நல்லது. "அந்த ஃபைலை நாளைக்கு அனுப்பிடறேன் மேடம்" என்று ஒரு வரி. அதைக் கேட்டதும் சிகிச்சையாளர் பேச்சை நிறுத்திவிட்டு, ஆபீஸ் ஆளைப் போல ஒப்புக்கு ஏதாவது சொல்ல வேண்டும்.

வீட்டில் அடிதடி இருக்கிறது என்ற சந்தேகம் வந்தால் வீடியோ ஆபத்தாகலாம். ஆம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லும்படி கேள்வி கேட்கலாம். பலர் மறப்பது பணத்தை. யூபிஐ-யில் கட்டினால் வங்கிக் குறுஞ்செய்தி கணவரின் எண்ணுக்குப் போகிறதா, பாஸ்புக்கில் கிளினிக் பெயர் விழுமா என்று முன்பே பார்க்க வேண்டும். கால் ஹிஸ்டரியை அழித்தவர்கள் இதில் மாட்டிக்கொள்வதுண்டு. இப்படிப்பட்டவர்களுக்கு, "பல் டாக்டர்கிட்ட போயிட்டு வரேன்" என்று கிளம்பிவரக் கூடிய நேர் சந்திப்பே பத்திரம்.

செப்டம்பர் 8

கேமராவும் ஒலியும்.

போனைக் கையில் பிடிக்கக் கூடாது. கண் மட்டத்துக்கு வரும்படி எவர்சில்வர் டப்பாக்கள் இரண்டை அடுக்கிச் சாய்த்து வைக்கலாம். இரண்டடித் தள்ளி உட்கார்ந்தால் கைகள் தெரியும். மோதிரத்தைத் திருகுவதும் நகம் பிய்ப்பதும் விரல் நடுங்குவதும் முகத்தைவிட அதிகம் சொல்லும். ஜன்னல் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கறுத்துவிடும். தன் முகம் தெரியும் சின்னக் கட்டத்தை மறைத்துவிடுவது நல்லது. அழும்போது தன்னையே பார்க்க நேர்ந்தால் சட்டென்று அடக்கிக்கொள்வார்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று: வீடியோ செயலிகளில் இரைச்சலைக் குறைக்கும் வசதி உண்டு. மின்விசிறியையும் நாய் குரைப்பையும் வடிகட்டுவதுபோல, மெல்லிய விசும்பலையும் நீண்ட பெருமூச்சையும் அது வடிகட்டிவிடும். படம் உறைந்திருக்கும் நேரத்தில் ஒலியும் இல்லையென்றால், ஆள் அழுவதே எதிர்முனைக்குத் தெரியாது. செட்டிங்ஸில் போய் அதை அணைத்துவிடுங்கள். அமைதியான அறையில் அதற்கு வேலையில்லை.

மௌனமும் திரையில் வேறாகிவிடுகிறது. நேரில் பத்து விநாடி மௌனம் யோசிக்க இடம் கொடுக்கும். திரையில் மூன்றாவது விநாடியே "ஹலோ, கேக்குதா?" வந்துவிடும். "நான் பேசாம இருந்தா கேட்டுக்கிட்டு இருக்கேன்னு வச்சுக்கோங்க. லைன் கட்டானா நானே கூப்பிடுவேன்" என்று முதலிலேயே சொல்லிவிடுவது சிகிச்சையாளரின் பொறுப்பு. அறுந்தால் சாதாரண போன் அழைப்புக்கு மாறுவதும், யார் யாரைக் கூப்பிடுவது என்பதும் எழுத்தில் இருக்கட்டும். இரு பக்கமும் மறுபக்கம் கூப்பிடும் என்று காத்திருந்தே பதினைந்து நிமிடம் போன செஷன்கள் ஏராளம்.

நெட் மோசமென்றால் விட்டு விட்டு வரும் வீடியோவைவிடச் சுத்தமான குரல் அழைப்பு எவ்வளவோ மேல்.

செப்டம்பர் 10

உலகத் தற்கொலைத் தடுப்பு நாள்.

ஆன்லைனின் பெரிய பலவீனம் இங்கேதான் இருக்கிறது. ஆபத்து என்றால் கையைப் பிடிக்க முடியாது, கதவைத் தட்ட முடியாது. அதனால் ஒவ்வொரு செஷனின் தொடக்கத்திலும் "இப்ப எங்க இருக்கீங்க?" என்று கேட்டுக் கதவு எண், தெரு, அருகில் தெரிந்த அடையாளம் மூன்றையும் குறிக்க வேண்டும். போன வாரம் மதுரையில் இருந்தவர் இந்த வாரம் ஓசூர் ஹாஸ்டலில் இருப்பார். பத்து நிமிடத்தில் நேரில் வரக்கூடிய ஒருவரின் எண்ணும் தேவை. துபாயில் இருக்கும் அண்ணன் எண் உதவாது.

108-ல் ஒரு சிக்கல் உண்டு. பெங்களூரில் இருக்கும் சிகிச்சையாளர் அழைத்தால் கர்நாடக மையத்துக்குப் போகும். ஆபத்தில் இருப்பவர் திருநெல்வேலியில். எனவே உள்ளூர் ஆள்தான் அழைக்க வேண்டும், அவர் எண்தான் முதல் தேவை.

மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 படிவத்தில் ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3, மொத்தம் 27. ஒன்பதாவது கேள்வி செத்துவிடலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. முந்தின இரவே நிரப்பி அனுப்பச் சொல்கிற கிளினிக்குகள் இருக்கின்றன. ஒருவர் இரவு பதினோரு மணிக்கு அதில் 3 போட்டால், மறுநாள் காலை பத்து மணிவரை அதைப் பார்க்க ஆள் கிடையாது. செஷனின் முதல் ஐந்து நிமிடத்தில், ஆள் எதிரில் இருக்கும்போது நிரப்ப வைப்பதே சரி.

வீட்டில் பூச்சிமருந்தோ நிறைய மாத்திரைகளோ இருந்தால் வேறொருவர் பொறுப்பில், பூட்டில் இருக்க ஏற்பாடு செய்வது அன்றைக்கே முடிக்க வேண்டிய வேலை. போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து மறைக்கும் குடும்பங்களுக்கு: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 115, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகத்தான் கருதச் சொல்கிறது. தண்டிக்கச் சொல்லவில்லை.

செப்டம்பர் 15

ஆன்லைன், நேர் சிகிச்சையை விஞ்சும் இடம் ஒன்று உண்டு: ஓசிடி, அதாவது வேண்டாத எண்ணம் துரத்த, ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் நோய். கேஸ் மூடினோமா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பவரைக் கிளினிக்குக்கு வரவழைத்து என்ன செய்வது? கிளினிக்கில் அடுப்பு இல்லை. இருந்தாலும் அது அவர் அடுப்பு இல்லை. பயம் வீட்டு ரெகுலேட்டரில் இருக்கிறது. போனோடு சமையலறைக்கே போய்விடலாம்.

முதலில் எட்டுப் பத்துச் சூழ்நிலைகளை எழுதி ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை பதற்ற மதிப்பெண். காபி போட்டு அடுப்பை அணைத்து ஹாலில் உட்காருவது 40, இரவு படுக்கும் முன் ஒரே தடவை பார்ப்பது 65, பூட்டிக்கொண்டு கடைக்குப் போவது 90 என்று வரும். 40-ல் ஆரம்பிக்கலாம். ரெகுலேட்டரை ஒரு தடவை மூடு, ஒரு தடவை பார், வெளியே வந்து உட்கார். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எண் சொல்ல வேண்டும். 40 என்று எழுதியது 70-க்கு ஏறலாம், ஏறட்டும். திரும்பிப் போய்ப் பார்க்காமல் தாங்குவதுதான் பயிற்சி. வழக்கமான 45 நிமிடம் இதற்குப் போதாது. 60 முதல் 90 நிமிடம் ஒதுக்குங்கள். பதற்றம் உச்சத்தில் இருக்கும்போது நேரம் முடிந்தது என்று துண்டிப்பது, செய்யாமலே இருந்ததைவிட மோசம்.

இதிலும் பள்ளம் உண்டு. "மேடம், கொஞ்சம் பாருங்களேன், மூடித்தானே இருக்கு?" என்று போனை அடுப்புப் பக்கம் திருப்புவார். "ஆமா, மூடியிருக்கு" என்று சொன்ன நொடியில் சிகிச்சையாளரும் சடங்கில் ஒரு பகுதியாகிவிடுகிறார். ஒரு செஷனுக்கும் அடுத்ததற்கும் இடையில் வாட்ஸ்அப்பில் ரெகுலேட்டர் போட்டோ வரும், அதுவும் இதே கதைதான். கேமரா ஆளைப் பார்த்தே இருக்கட்டும், அடுப்பைப் பார்க்க வேண்டாம் என்று முன்பே பேசிவைக்க வேண்டும். வீட்டு அம்மாவுக்கும் ஒரு கால் மணி நேரப் பயிற்சி தேவை. அவர்தான் ஒரு நாளைக்கு இருபது தடவை "மூடியாச்சுடா" என்று சொல்லிக்கொண்டிருப்பவர்.

வீட்டைவிட்டு வெளியே வரப் பயப்படுகிறவர்களுக்கும் இது வசதி. ஆனால் திரையிலேயே நிலைத்துவிட்டால் பயத்துக்குச் சோறு போட்டதாகும். தெருமுனை, பஸ் ஸ்டாண்ட், கடைசியில் கிளினிக் என்று வெளியே இழுக்கும் தேதிகள் திட்டத்தில் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 19

ஆன்லைனுக்கு ஒத்துவராதவை. குடி: வாடை திரையில் வராது, குடியை நிறுத்தும்போது வரும் நடுக்கமும் வலிப்பும் மருத்துவமனை வேலை. சாப்பாட்டைத் தவிர்க்கும் நோய்: கழுத்துக்குக் கீழே தெரியாது, எடையை அவர் சொல்வதுதான் கணக்கு. காதில் குரல் கேட்கிறது என்பவருக்கு முதல் பரிசோதனை நேரில்தான். சின்னக் குழந்தைகளுக்கு விளையாட்டு வழியாகச் செய்யும் சிகிச்சைக்குத் தரையும் பொம்மையும் வேண்டும்.

சோர்வு என்று வருபவரில் சிலருக்குத் தைராய்டும் ரத்தசோகையும் இருக்கும். டிஎஸ்எச், ஹீமோகுளோபின் பார்த்தீர்களா என்று முதல் நாளே கேட்காத ஆன்லைன் சேவை அரைகுறை சேவை.

செப்டம்பர் 24

யாரிடம் பேசுகிறோம்? மனநல மருத்துவர் என்றால் எம்பிபிஎஸ்-க்கு மேல் மனநலத்தில் எம்டி, டிஎன்பி அல்லது டிபிஎம், மருத்துவக் கவுன்சில் பதிவெண். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்சிஐ எனப்படும் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவெண். அதன் இணையதளத்தில் பெயரைத் தேடிப் பார்க்கலாம். கவுன்சலர் என்று மட்டும் போட்டிருந்தால் என்ன படித்தார், யார் மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று வெட்கப்படாமல் கேளுங்கள். வார இறுதிச் சான்றிதழ் வகுப்பு முடித்தவரும் அதே பெயரைப் போட்டுக்கொள்கிறார்.

மாத்திரை எழுதுவது மருத்துவர் மட்டும். 2020 மார்ச் 25 அன்று வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளின்படி ஷெட்யூல் எக்ஸ் எனப்படும் கடும் கட்டுப்பாட்டுப் பட்டியல் மருந்துகளையும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வருபவற்றையும் ஆன்லைனில் எழுதக் கூடாது. ஏடிஎச்டி எனப்படும் கவனச்சிதறல், மிகைத்துடிப்புப் பிரச்சினைக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் ஷெட்யூல் எக்ஸ். அதை வீடியோவில் எழுதித் தருகிறேன் என்பவரிடம் வேறெதற்கும் போகாதீர்கள்.

பத்து செஷன் பேக்கேஜ் தள்ளுபடியில் வரும். மூன்றாவது செஷன் வரை தனித்தனியாகக் கட்டுங்கள். ஆள் ஒத்துப்போகிறாரா என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

செப்டம்பர் 29

ரகசியம் பற்றி இரண்டு சம்பவம் போதும். பின்லாந்தின் வஸ்தாமோ உளச்சிகிச்சை நிறுவனத்தில் திருடப்பட்ட சிகிச்சைக் குறிப்புகளை வைத்து, 2020 அக்டோபரில் ஆயிரக்கணக்கான நோயாளிகளுக்கே மிரட்டல் மின்னஞ்சல் போனது: 200 யூரோ கட்டு, தாமதித்தால் 500. அதில் பலர் நேரில் போய்ச் சிகிச்சை எடுத்தவர்கள். குறிப்பு கணினியில் இருந்தது, அவ்வளவுதான். இரண்டாவது, அமெரிக்காவின் ஆன்லைன் கவுன்சலிங் சேவையான பெட்டர்ஹெல்ப். பயனர்களின் மின்னஞ்சலையும் மனநலக் கேள்விப் பதில்களையும் ஃபேஸ்புக் போன்றவற்றுக்கு விளம்பரத்துக்காகக் கொடுத்தது என்ற குற்றச்சாட்டில் 2023-ல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

கேட்க வேண்டியவை: செஷன் பதிவாகிறதா, குறிப்பு எங்கே இருக்கிறது, எத்தனை ஆண்டு, யார் பார்க்கலாம், அழிக்கச் சொன்னால் அழிப்பார்களா. வாட்ஸ்அப் உரையாடல் பூட்டியது என்று நம்பி எழுதுகிறோம். கூகுள் டிரைவில் ஏறும் பேக்கப்புக்குத் தனியாகப் பூட்டுப் போட்டால்தான் அதுவும் பூட்டியது.

அக்டோபர் 4

வளைகுடாவிலிருந்து தமிழில் பேச ஆள் தேடுபவர்கள் அதிகம். லேபர் கேம்ப் அறையில் எட்டுப் பேர், தனிமை என்பதே கிடையாது. அமீரகத்தில் வாட்ஸ்அப் அழைப்பு போகாது, அங்கே அனுமதி பெற்ற செயலியை முதலில் உறுதி செய்யுங்கள். அமெரிக்காவில் உரிமம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சென்னையிலிருந்து அங்குள்ளவருக்குச் சிகிச்சை தருவது பலமுறை உரிமச் சிக்கலில் முடியும். ஆபத்து நேரத்தில் எந்த எண் என்பதை அந்த நாட்டுக்கே தனியாக எழுதிவைக்க வேண்டும்.

அக்டோபர் 7

ஏஐ சாட்பாட் பற்றிச் சுருக்கமாக. இரவு இரண்டு மணிக்குப் பதில் சொல்லும், அதுதான் அதன் பலம். ஒத்து ஊதுவது அதன் பலவீனம். ஓசிடிக்காரர் நூறு தடவை கேட்டால் நூறு தடவையும் ஆறுதல் சொல்லும். அமெரிக்காவின் இலினாய் மாநிலம் 2025 ஆகஸ்டில் ஏஐ-யே சிகிச்சை தருவதைத் தடைசெய்து சட்டம் போட்டிருக்கிறது.

அக்டோபர் 10

உலக மனநல நாள். அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் 2022-ல் இதே நாளில் தொடங்கியது. 14416, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார், தேவையென்றால் மேல்நிலை மனநல நிபுணரிடம் இணைப்பார். மாதக்கணக்கில் ஒரே ஆளோடு தொடரும் சிகிச்சைக்கு இது ஈடாகாது. எங்கே போவதென்றே தெரியாத நேரத்துக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

இதற்கும் முன்பே, 2010-ல், மனநலத் தொண்டு நிறுவனமான சென்னை ஸ்கார்ஃப் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே திரை வழியாகச் சென்னை மருத்துவர், கூடவே மருந்து கொடுக்கும் இடம், உள்ளூர்ப் பணியாளர். திரையோடு தரையில் ஓர் ஆளும் மருந்தும் இருந்ததுதான் அதன் கெட்டிக்காரத்தனம். இன்றைய செயலிகள் பலவற்றில் திரை மட்டும் இருக்கிறது.

தனியாரிடம் போகிறவர்களுக்கு முடிந்தால் இப்படி: முதல் செஷன் நேரில், பிறகு ஆன்லைனில், ஆறாவது மறுபடி நேரில். அன்று பிஎச்க்யூ-9 எண்ணை முதல் நாள் எண்ணோடு வைத்துப் பாருங்கள். 5 புள்ளியாவது குறைந்திருந்தால் தொடரலாம். குறையவில்லையென்றால் சிகிச்சை முறையையோ ஆளையோ வழியையோ மாற்றச் சொல்லிக் கேளுங்கள்.