பழைய போர்ஷே: இன்ஜினைவிட ஆர்சி புக்கைப் பார்த்துத்தான் பயம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கப் போகிறேன் என்று யாரிடம் சொன்னாலும் வரும் முதல் கேள்வி, "இன்ஜின் போச்சுன்னா என்ன பண்ணுவீங்க?" கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் கொஞ்ச நாளாக ஒரு 2008 போர்ஷே கேமன் பின்னால் அலைந்ததில் எனக்குப் புரிந்தது வேறு. இன்ஜின் போனால் பணம் போகும், அவ்வளவுதான். பேப்பர் சரியில்லை என்றால் ஓடுகிற இன்ஜினோடு கார் ஷெட்டில் கிடக்கும். அதற்கு மெக்கானிக்கே கிடையாது.

நான் கோவை கணபதியில் சின்னதாக ஒரு சிஎன்சி ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். பேரிங், ஷாஃப்ட், டாலரன்ஸ் இதெல்லாம் தினப்படி சோறு. ஆர்டிஓ ஆபீஸ் அப்படியில்லை. அதனால் எனக்குத் தெரியாத பக்கத்திலிருந்தே ஆரம்பித்தேன்.

பார்த்தது இரண்டு கார். ஒன்று டெல்லி நம்பர், 17 லட்சம் சொன்னார்கள். போட்டோவில் பளபள. இன்னொன்று தமிழ்நாட்டு நம்பர், ரேஸ்கோர்ஸ் பக்கம் மில் நடத்தி ஓய்ந்த ஒரு பெரியவருடையது, 27 லட்சம். இரண்டும் ஒரே வருஷம், ஒரே 2.7 லிட்டர் இன்ஜின். பத்து லட்சம் ஏன் வித்தியாசம்?

டெல்லியில் 10 வருஷம் தாண்டிய டீசல் வண்டியும் 15 வருஷம் தாண்டிய பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது. பசுமைத் தீர்ப்பாயம் போட்ட தடையை 2018-ல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தது. 2025-ல் அதை ஓரளவு தளர்த்தியும் உத்தரவுகள் வந்தன. 2008-ல் பதிவான காருக்கு 2023-லேயே 15 வருஷம் முடிந்துவிட்டது. அதற்கு முன்பே யாராவது என்ஓசி (வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று) வாங்கி வேறு மாநிலத்தில் பதிந்திருந்தால் சரி. இந்தக் காருக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. "என்ஓசி வந்துரும் சார், ஆள் இருக்கு" என்றார் புரோக்கர். அந்த என்ஓசி, அதாவது ஃபார்ம் 28, கையில் வராமல் ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

பேப்பர் வந்துவிட்டாலும் வேலை முடியாது. வெளி மாநில வண்டியை இங்கே 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் தமிழ்நாட்டு நம்பர் வாங்கியாக வேண்டும், சாலை வரி மறுபடி கட்ட வேண்டும். அங்கே கட்டியதைத் திரும்ப வாங்க அந்த ஊர் ஆபீஸுக்கு அலைய வேண்டும். இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் 17 லட்சம் அப்படியொன்றும் மலிவில்லை.

உள்ளூர் வண்டியிலும் செலவு இருக்கிறது. 2023-ல் எஃப்சி (தகுதிச் சான்று) காட்டிப் புதுப்பித்திருக்கிறார்கள், 2028 வரை செல்லும். 15 வயது தாண்டிய சாதாரண காருக்குப் பதிவைப் புதுப்பிக்கக் கட்டணம் 5,000 ரூபாய். இறக்குமதி காருக்கு அதுவே 40,000. 2022 ஏப்ரலிலிருந்து இந்தக் கணக்கு. 20 வயது தாண்டினால் 80,000 என்று 2025-ல் ஏற்றிவிட்டார்கள். அதாவது 2028-ல் இந்தக் காரை யார் வைத்திருந்தாலும் அந்த எண்பதாயிரம் அவர் தலையில்தான். பேரம் பேச இது ஒரு நல்ல பாயிண்ட், வைத்துக்கொண்டேன்.

இன்ஷூரன்ஸ் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 5 வயது தாண்டிய காருக்கு ஐடிவி (இன்ஷூரன்ஸில் காருக்குப் போடும் மதிப்பு) என்பது கம்பெனியும் நாமும் பேசி ஒத்துக்கொள்கிற தொகை. இத்தனை வயசான வண்டிக்கு ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத பாலிசி) கிடைப்பது சந்தேகம். பெரியவர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், வண்டியோடு வராது. பெயர் மாறிய 14 நாளுக்குள் பாலிசியையும் மாற்றச் சொல்லி எழுதிக் கொடுக்க வேண்டும். பம்பர் ஒன்று உடைந்தால் ப்ளாஸ்டிக்குக்கான தேய்மானம் நம் கையிலிருந்துதான் போகும்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளும்.

அந்தக் காலத்துப் போர்ஷே ஆறு சிலிண்டர் படுக்கை இன்ஜினில் கிராங்க்குக்குக் கீழே ஒரு இடைத்தண்டு ஓடுகிறது. ஐஎம்எஸ் என்பார்கள். அதிலிருந்துதான் கேம்ஷாஃப்ட்டுக்கு (வால்வைத் திறந்து மூடும் தண்டு) செயின் போகிறது. ஃப்ளைவீல் பக்கம் அந்தத் தண்டைத் தாங்குவது ஒரு சீல் போட்ட பால் பேரிங். இன்ஜின் ஆயிலுக்கு நடுவே சீல் போட்ட பேரிங் எதற்கு என்று எங்கள் யூனிட்டில் வேலை பழகும் பையன்கூடக் கேட்பான். சீல் வழியாக ஆயில் கசிந்து உள்ளே போகும், கிரீஸ் கரைந்துவிடும், ஆனால் நல்ல ஆயில் ஓட்டமும் கிடைக்காது. பேரிங் நொறுங்கினால் டைமிங் தவறி வால்வு பிஸ்டனில் இடிக்கும். அப்புறம் இன்ஜின் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

இணையத்தில் "ஐஎம்எஸ்" என்று தேடினால் ராத்திரி தூக்கம் வராது. ஆனால் அந்தப் பயம் முக்கியமாக 2005 வரை வந்த வண்டிகளுக்கானது, அதிலும் சின்ன பேரிங் போட்ட பிந்தைய வண்டிகளுக்கு. அமெரிக்காவில் அதற்காகவே கூட்டு வழக்குப் போட்டு 2013-ல் சமரசம் ஆனது. 2006 முதல் 2008 வரையிலான இன்ஜினில் பேரிங் பெரியது, உடைவது அபூர்வம். ஆனால் உடையாமல் இருக்க முன்கூட்டியே மாற்றலாம் என்றால் இன்ஜினை இரண்டாகப் பிளந்தால்தான் அது வெளியே வரும். 2009-ல் வந்த புது இன்ஜினில் அந்தத் தண்டையே எடுத்துவிட்டார்கள். ஆகவே மனசுக்கு நிம்மதி வேண்டுமென்றால் 2009-க்குப் பிந்தையது, பர்ஸுக்கு நிம்மதி வேண்டுமென்றால் 2008.

நான் உண்மையில் பயந்தது சிலிண்டர் சுவரில் விழும் கோடுகளுக்கு. 3.4 லிட்டர் கேமன் எஸ்ஸில் இந்த வியாதி அதிகம். குளிரில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம், ஒரு பக்கம் கரி அதிகம், ஆயில் குடிப்பது, இவை அறிகுறி. 2.7-ல் இது குறைவு. ஐம்பது குதிரை சக்தி அதிகம் என்று எஸ் வண்டிக்கு ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது, அந்த ஐம்பதை நம் ரோட்டில் எங்கே அவிழ்த்து விடப் போகிறீர்கள்? நம் ஊர் வெயிலும் இந்த விஷயத்தில் நமக்குச் சாதகம். ஐரோப்பாக் குளிர் காலை ஸ்டார்ட் இங்கே கிடையாது.

எனக்கு ரொம்ப நாளாகத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் காந்திபுரத்தில் இருக்கிறார். ஜெர்மன் வண்டிதான் அவர் தொழில். அவரைக் கூட்டிப் போனேன். பெரியவர் பெருமையாக, "31,000 கிலோமீட்டர்தானுங்க ஓடியிருக்குது" என்றார். அண்ணன் முகம் சுருங்கியது. வெளியே வந்ததும், "கெடந்த வண்டியவிட ஓடுன வண்டி மேல் கண்ணு. பதினெட்டு வருசம் நின்னா ரப்பர் எல்லாம் என்ன ஆவுறது?" என்றார். கூலன்ட் ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ், ஆயில் சீல், எல்லாம் கிலோமீட்டரைப் பார்த்து மட்டும் கெடுவதில்லை, வருஷத்தைப் பார்த்தும் கெடும். டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு இலக்கத்தைப் பார்த்தார். 2916. அதாவது 2016-ன் 29-வது வாரம். பட்டன் தேயவில்லை, ஆனால் வயசானதால் தூக்கிப் போட வேண்டிய டயர். நாலும் மாற்ற லட்சத்துக்கு மேல் என்று குறித்துக்கொண்டோம்.

ஆயில் ஃபில்டரைக் கழற்றி அறுத்துப் பார்த்தோம். உலோகத் துகள் மினுமினுப்பு எதுவுமில்லை. ப்ளக் துளை வழியாக போர்ஸ்கோப் (குழாய் முனையில் இருக்கும் குட்டிக் கேமரா) விட்டு ஆறு சிலிண்டரையும் பார்ப்பது பாக்கி. அதற்குப் பெரியவர் முதலில் தயங்கினார், பிறகு செலவை நானே ஏற்றுக்கொண்டால் சரி என்றார். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருந்தது, வண்டியைக் கண்டவன் கையில் கொடுக்காத ஆள் என்று அர்த்தம்.

முன் பம்பரின் இரண்டு ஓட்டைக்குள்ளும் ரேடியேட்டர் இருக்கிறது. உள்ளே கைவிட்டால் சருகு, மணல், ஒரு குர்குரே கவர். இதைச் சுத்தம் செய்யாமல் விட்டுத்தான் பாதிப் பேர் ஏசி கண்டென்ஸரை ஓட்டை போட்டுக்கொள்கிறார்கள்.

வெள்ளம்தான் இன்னொரு பெரிய பயம். வண்டி முதலில் சென்னையில் இருந்தது. 2015 டிசம்பரில் சென்னையில் மூழ்கிய கார்கள் கழுவித் துடைத்து எந்தெந்த ஊருக்குப் போயின என்று யாருக்குத் தெரியும்? சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியும், சீட்டின் தண்டவாளத்தில் துரு தெரியும். இரண்டும் இல்லை. அதைவிடப் பெரிய சாட்சி பெரியவரின் நீல ஃபைல். பில் எல்லாம் தேதி வாரியாக. 2013-லேயே வண்டி கோவைக்கு வந்து இங்கே சர்வீஸ் ஆனதற்கு அதில் ரசீது இருக்கிறது. அந்த ஒரு காகிதத்துக்காகவே ஒரு லட்சம் கூடக் கொடுக்கலாம்.

பெட்ரோல் தனிப் புலம்பல். இப்போது பங்க்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்தக் கார் வடிவமைத்த காலத்தில் அதை யாரும் நினைத்திருக்க மாட்டார்கள். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100 பெட்ரோல் போட்டால் எத்தனால் தொல்லை இல்லை, ஆனால் எல்லா பங்க்கிலும் கிடைக்காது, விலையும் எக்கச்சக்கம். மாதம் இரண்டு டேங்க் போடுகிறவனுக்குப் பரவாயில்லை. தினம் ஆபீஸ் போக இதை வாங்காதீர்கள்.

லோன் கிடைக்காது, எல்லாம் கைக்காசு. 25 லட்சம் எஃப்டியில் 7 சதவீதத்துக்கு இருந்தால் மாதம் 14,500 வரும். கார் நின்றாலும் ஓடினாலும் அந்த வட்டி போய்க்கொண்டே இருக்கும். அதோடு 7 லட்சம் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். என்றைக்காவது இன்ஜினைப் பிளக்க வேண்டியிருந்தால் அதற்கு. அந்த ஏழு லட்சம் இல்லாதவர் இந்தக் காரை நினைக்கவே கூடாது என்பது என் கட்சி. "வாங்க முடிகிற விலை" என்பதில் இந்த ஏழும் அடக்கம். விலை இனிமேல் பெரிதாக இறங்காது, இறங்க வேண்டியதெல்லாம் முதல் ஆளுக்கே இறங்கிவிட்டது. விற்க நினைத்தால்தான் பாடு. சரியான ஆள் கிடைக்க ஒரு வருஷம்கூட ஆகலாம்.

இத்தனைக்கும் கிடைப்பது என்ன?

வேகம் இல்லை. ஆட்டோமேட்டிக் கேமன் 100 கிலோமீட்டரைத் தொட 7 விநாடி எடுக்கும். மஹிந்திராவின் மின்சார பிஇ 6 அதே வேலையை 6.7 விநாடியில் முடிக்கிறது, அதுவும் ஐந்து பேரை உட்கார வைத்து, வாரண்டியோடு, பாதிச் சத்தம்கூட இல்லாமல். வேகம் வேண்டுமென்றால் அதை வாங்குங்கள், தலைவலி மிச்சம்.

பெரியவர் சாவியைக் கொடுத்து, "பாலக்காட்டு ரோடு போயிட்டு வாங்க தம்பி" என்றார். மதுக்கரை தாண்டிப் பைபாஸில் ஏறியதும் தெரிந்தது. ஸ்டியரிங் ஹைட்ராலிக், 2012-க்குப் பிறகு வந்த கேமனில் இது கிடையாது. ரோட்டில் தார் மாறுகிற இடம் கைக்குத் தெரிகிறது. 1,300 கிலோவுக்குச் சற்று மேல் எடை, இன்ஜின் முதுகுக்குப் பின்னால், அதனால் வளைவில் மூக்கு தயங்குவதே இல்லை. நாலாயிரம் ஆர்பிஎம் தாண்டினதும் ஒரு கனைப்பு. காற்று உறிஞ்சும் வாய் இடது பக்கம் இருப்பதால் நம் ஊர் வண்டியில் டிரைவரைவிடப் பக்கத்து சீட்டுக்காரருக்குத்தான் அது நன்றாகக் கேட்கும். வீட்டில் இதை ஒரு லாபமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஏனுங்க, ரெண்டே சீட்டா? பாப்பாவ எங்க உக்கார வெப்பீங்க, டிக்கிலயா?"

"டிக்கி முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு இருக்குது."

"அப்ப உங்கம்மாவையும் கூட்டிக்கலாம்."

கோவையில் இருப்பதில் ஒரு வசதி, ரோடு பக்கத்திலேயே இருக்கிறது. ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு, விடியற்காலையில் லாரி இறங்குவதற்கு முன் போய்விட்டால் நாற்பது கிலோமீட்டர் வேகத்திலேயே சிரிப்பு வரும். செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, முழு பெடலையும் மிதிக்க வேண்டுமென்றால் அங்கே போய் மிதிக்கலாம். எந்த ரோட்டில் ஓட்டப் போகிறோம் என்று சொல்ல முடியாதவர் இந்த வண்டியை வாங்கினால் ஞாயிற்றுக்கிழமை கவர் எடுத்துத் துடைப்பதுதான் மிச்சம்.

ஸ்பீட் பிரேக்கர் பற்றிக் கேட்பீர்கள். எங்கள் தெரு முனையில் மாநகராட்சி போட்டதல்ல, தெருக்காரர்களே சிமெண்ட் கொட்டிப் போட்டது ஒன்று இருக்கிறது. பெரியவர் வண்டியை அதில் குறுக்காக ஏற்றிப் பார்த்தேன். தட்டவில்லை. இரண்டு பேர் உட்கார்ந்தால் தட்டலாம்.

வீட்டம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான், புது மெஷினுக்கு ஒதுக்கிய பணத்தைத் தொடக் கூடாது. தொடவில்லை. பெரியவரிடம் டயரையும் 2028 எண்பதாயிரத்தையும் சொல்லி 24 கேட்டேன். அவர் 26-ல் நிற்கிறார். போர்ஸ்கோப்பில் ஆறு சிலிண்டரும் சுத்தமாக இருந்தால் 25 வரை போவேன், பெயர் மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 கையெழுத்தாகி ஆர்டிஓ ரசீது வந்த பிறகுதான் முழுப் பணம். ஒரு சிலிண்டரில் கோடு தெரிந்தாலும் பேச்சு முடிந்தது, 2017 ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் ஒன்று திருப்பூரில் விலைக்கு நிற்கிறது. அதில் பாப்பாவுக்கும் சீட் இருக்கிறது.