வத்தத்தில் ஒரு கொடுவா

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போதே வள்ளத்தைத் தள்ளிவிட்டோம். அமாவாசை கழிந்து இரண்டாம் நாள். "ஓதம் நல்லா ஏறி இறங்குற நாள் தம்பி, இதை விட்டா இனி பௌர்ணமிதான்" என்றார் வள்ளக்கார அண்ணன். முகத்துவாரத்தில் சின்ன ஓடை ஒன்று வந்து கலக்கும் இடத்தில் நங்கூரம் போட்டார். வத்தம், அதாவது ஓதம் இறங்குவது, தொடங்கினால் ஓடைக்குள் இருக்கும் இறாலும் மடவைக் குஞ்சும் தண்ணீரோடு வெளியே வந்தாக வேண்டும். கொடுவா மீன் இரையை நெடுந்தூரம் துரத்தாது. விழுந்த மரத்துக்குப் பின்னால் ஒதுங்கிக் காத்து நிற்கும்.

உயிர் இறாலை வால் பக்கமாகக் கோத்தோம். தலையில் குத்தினால் செத்துவிடும். தூண்டில் முள்ளுக்கு மேலே ஒரு பாக நீளத்துக்குத் தடித்த தங்கூசி (நைலான் நரம்பு). கொடுவாவின் பல் பொடிசுதான், ஆனால் செவுள் மூடியின் ஓரம் பிளேடு. மெல்லிய நரம்பு அதில் உரசினால் மீன் போனதுதான்.

முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு வேர்களுக்கு அடியில் 'டொப்' என்று ஒரு சத்தம். வாயை விரித்து இரையைத் தண்ணீரோடு உறிஞ்சும் சத்தம் அது. அடுத்த வீச்சிலேயே நரம்பு விறைத்தது. மேலே பாய்ந்து தலையை உதறியபோது டார்ச் வெளிச்சத்தில் கண் தணலாக மின்னியது. விட்டு விட்டு இழுத்து, வள்ளத்தை ஒட்டிக் கொண்டுவர 20 நிமிடம் ஆனது.

நீளம் 97 சென்டிமீட்டர். "பெட்டை. விட்டுருவோம்" என்றார் அண்ணன்.

கொடுவா பெரும்பாலும் ஆணாகத்தான் முதலில் பருவத்துக்கு வரும். 6 முதல் 8 வயதுக்குள் பெண்ணாக மாறும். அதனால் பெரிய மீன் என்றால் அநேகமாகப் பெட்டைதான். உப்புத் தண்ணீர் தேடி முகத்துவாரத்துக்கு வந்து கோடிக்கணக்கில் முட்டையிடும்; குஞ்சுகள் ஓதத்தோடு ஓடைகளுக்குள் ஏறி வளரும். முட்டையிடும் மாதங்களில் முகத்துவாரத்தையே அடைத்து வலை போடுவதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கையை நனைத்துக்கொண்டு, வயிற்றைத் தாங்கி, தண்ணீருக்குள்ளேயே நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்திருந்தேன். செவுள் திறந்து மூடியது, மறுபடி திறந்தது. திடீரென்று வால் அடித்து என் முகமெல்லாம் நனைத்துவிட்டு இறங்கியது. கட்டைவிரலில் அதன் உதட்டோரப் பற்கள் அரம் போல உரசிய சிவப்பு.

வெயில் ஏறுமுன் 2 கிலோ தேறும் ஆண் கொடுவா ஒன்று மாட்டியது. அதை வைத்துக்கொண்டோம்.