சரியான லோக்கல்

"சரியான லோக்கலா இருக்கு இது."

வேளச்சேரி ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் இருந்தவர் முணுமுணுத்தார். முன் சீட்டு அம்மா கேட்டது மீதி பத்து ரூபாய். "இன்னாபா, சில்லற தர மாட்டியா?" கொஞ்சம் சத்தமாக, அவ்வளவுதான். சில்லறையை வாங்கி எண்ணி சுருக்குப் பையில் போட்டுக்கொண்டார்.

முணுமுணுத்தவர் பேச்சில் அப்பட்டமாய் எங்க மதுரை வாடை. பிழைக்க வந்தவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த மனுஷியை 'லோக்கல்' என்று திட்டுகிறார்!

இதே ஆள் நண்பர்களிடம் "லோக்கலா இறங்கிருவேன்" என்று பீற்றியும் இருப்பார். தனக்கென்றால் கெத்து, அந்த அம்மாவுக்கென்றால் அசிங்கம். சாதியைச் சொல்லித் திட்டக் கூச்சப்படுகிறவர்களுக்கு இது வசதி. சொல்ல வந்ததும் சொல்லியாச்சு, மாட்டவும் மாட்டோம்.

கூவம் கரையில் இருந்த 'லோக்கல்' குடும்பங்களைத்தான் 2000க்குப் பிறகு, துரைப்பாக்கத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய கண்ணகி நகர் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். 2021ல் அந்த வாரியத்தின் பெயரையே மாற்றி, 'குடிசை' என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள்.

அங்கிருந்து வேலைக்கு மனு போடும் பிள்ளைகள் பலர் இன்னும் முகவரியில் 'கண்ணகி நகர்' என்று எழுதுவதில்லை. துரைப்பாக்கம் என்று முடித்துக்கொள்கிறார்கள்.